காத்திருந்த நேரத்தை ஆட்கள் தலையில் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாபநாசம் பக்கத்து அரிசி ஆலைகளில் 18 வருடம் கணக்கு எழுதியவன் நான். முன்பு இருந்த ஓர் ஆலையில் தீபாவளிக்கு ஊக்கத்தொகை பேச உட்கார்ந்தபோது, பை தைக்கும் பிரிவின் திறன் 80 சதவீதம்கூட வரவில்லை என்று ஒரு தாளை நீட்டினார்கள். அங்கே வேலை பார்த்த பத்துப் பேரும் பதில் சொல்லத் தெரியாமல் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. தாளில் கூட்டல், வகுத்தல் எல்லாம் சரி, வகுத்த எண்தான் தப்பு.

உதாரணத்துக்கு அந்தத் தாளில் இருந்த ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 10 பேர், 8 மணி நேர ஷிப்ட், ஆக 80 மணி. குறுவை நெல் மழையில் நனைந்து வந்ததால் டிரையரில் காய நேரமாகி, அரிசி இறங்காமல் ஆளுக்கு 2 மணி நேரம் சும்மா உட்கார வேண்டியதாயிற்று. மீதி 60 மணியில் அவர்கள் எடை போட்டு, தைத்து, அட்டி அடுக்கியது 1,260 பை. ஒரு ஆள் ஒரு மணிக்கு 20 பை என்பது ஆலையே வைத்த அளவு என்றால், 1,260 பைக்கு ஆக வேண்டிய நேரம் 63 மணி. 63-ஐ உண்மையில் வேலை செய்த 60-ஆல் வகுத்தால் 105 சதவீதம். இதுதான் தொழிலாளர் திறன் விகிதம். அந்தத் தாளிலோ 80-ஆல் வகுத்து 78.75 என்று போட்டிருந்தார்கள்!

சரி, 78.75 பொய்யான எண்ணா என்றால் இல்லை, அதற்கு வேறு பெயர் இருக்கிறது. திட்டமிட்ட நேரத்தோடு உற்பத்தியை ஒப்பிடும் செயல்பாட்டு விகிதம் அது. திட்டமிட்ட 80 மணியில் 60 மணிதான் வேலை நடந்தது என்பதைக் காட்டும் திறனளவு விகிதம் 75 சதவீதம். 105-ஐயும் 75-ஐயும் பெருக்கி நூறால் வகுத்துப் பாருங்கள், அதே 78.75 வரும். அதாவது ஆட்கள் வேகமாகத்தான் செய்திருக்கிறார்கள், தொழிற்கூடம்தான் அவர்களுக்கு வேலை கொடுக்கவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்த்திருந்தால் பணத்தை டிரையரில் போட வேண்டும் என்று முதலாளிக்கே தெரிந்திருக்கும், ஆட்களின் ஊக்கத்தொகையில் கை வைக்கத் தோன்றியிருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 20 பை என்ற அளவை எப்போது, யாரை வைத்துப் போட்டார்கள்? இருப்பதிலேயே வேகமான ஆளை ஒரு மணி நேரம் மட்டும் பார்த்துவிட்டு எழுதிய அளவை எட்டு மணி நேரமும் எல்லோருக்கும் வைப்பது நியாயமே இல்லை. தையல் மெஷின் மாறினாலும், பை 25 கிலோவிலிருந்து 10 கிலோவானாலும் அந்த மணிக்கு 20 பை என்ற அளவையும் மாற்றியாக வேண்டும்.

பி.காம் படித்த பிள்ளைகள் காத்திருந்த நேரத்தைத் தனியே கழித்துத்தான் பரீட்சையில் எழுதுகிறார்கள், அப்புறம் ஆலைக்கு வந்ததும் வருகைப் பதிவேட்டு மணியை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். வேறு பதிவே அங்கே இருக்காது என்பதுதான் காரணம். கரண்ட் போனது, லாரி வரவில்லை, நெல் காயவில்லை என்று எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நின்றது என்பதை மேஸ்திரி எழுதிக் கையெழுத்துப் போட ஒரு நோட்டு போதும்.

இந்தக் கணக்கை உங்கள் வணிகப் பக்கத்தில் எளிமையாக ஒரு நாள் வெளியிடுங்கள். தை பிறந்தால் சம்பா அறுவடை, அதற்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைக் கணக்கர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.