நேரே படகில் ஏறிவிடாதே

தம்பி,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அப்பாவும் நானும் பார்த்தோம். கரீபியன் கடலில் இருக்கிற செயின்ட் வின்சென்ட் தீவின் ஆர்கைல் விமான நிலையத்தில் இறங்கி, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, மறுநாளே பாய்மரப் படகில் ஏறி கிரெனடீன்ஸ் குட்டித் தீவுகளைச் சுற்றப் போகிறாய். அங்கே போகிற பலரும் இதைத்தான் செய்கிறார்கள், செயின்ட் வின்சென்ட் என்ற அந்தப் பெரிய தீவை ஏதோ பஸ் ஸ்டாண்டு மாதிரி நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. மூன்று நாளாவது அங்கே இரு.

வெள்ளை மணல் இல்லையே என்பாய். பெரும்பாலான கடற்கரைகளில் மணல் கறுப்புதான், எரிமலை கொட்டியது, உச்சி வெயிலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அந்தக் கறுப்பு மணலும், 2017 வரை பெரிய விமானங்கள் இறங்க வசதி இல்லாமல் இருந்ததும்தான் ரிசார்ட்காரர்கள் இந்தத் தீவை முழுசாக வளைத்துப் போடாமல் விட்டதற்குக் காரணம் என்பது என் கணக்கு. நல்லதுதான்.

அங்கே இருக்கிற சூஃப்ரியேர் எரிமலையைக் கட்டாயம் ஏறு. 1,234 மீட்டர். கிழக்கே ரபாக்கா பக்கமிருந்து போகிற பாதைதான் சுலபம் என்று சொன்னார்கள், அப்பாவின் முழங்காலைக் கேட்டால் வேறு கதை சொல்லும். முதலில் மூங்கில் காடு, அப்புறம் பழைய எரிமலைக் குழம்பு ஓடி இறுகிய பள்ளம், அதற்கு மேலே மரமே கிடையாது, மழை அரித்த சாம்பல் மண்தான், காலை வைத்தால் சரியும். விளிம்பில் காற்று ஆளைத் தள்ளுகிறது, நிற்காதே, உட்கார்ந்து எட்டிப் பார். 1979 வெடிப்பில் உள்ளே உருவான பாறை மேட்டை 2021 ஏப்ரல் 9-ம் தேதி தொடங்கிய வெடிப்புகள் தூக்கி எறிந்துவிட்டன, இப்போது பெரிய குழியும் அங்கங்கே ஆவியும்தான். 1902-ல் இதே மலை சுமார் 1,600 பேரைக் கொன்றிருக்கிறது. 2021-ல் முந்தைய நாளே வடக்கில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னதால் வெடிப்பில் உயிர் போகவில்லை. வழிகாட்டி இல்லாமல் ஏறாதே, மேகம் இறங்கினால் பாதை தெரியாது.

தலைநகர் கிங்ஸ்டவுனில் தாவரவியல் பூங்கா 1765-ல் தொடங்கியது. அடிமைகளுக்கு மலிவான சாப்பாடு வேண்டும் என்று பிரிட்டிஷ் கடற்படை கேப்டன் பிளை 1793-ல் பசிபிக்கிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது இந்தத் தீவில்தான். இன்றைக்கு அதுவே தேசிய உணவு. முழுக்காயைக் கரியில் போட்டு, தோல் கருகி வெடிக்கும்வரை திருப்பித் திருப்பிச் சுட்டு, கருகலைக் கத்தியால் சீவினால் உள்ளே வெளிர்மஞ்சளாக ஆவி பறக்கும், பக்கத்தில் பொரித்த மீன். அப்பா இரண்டு தட்டு சாப்பிட்டார்.

இன்னொன்று. 1861 ஜூன் 1-ம் தேதி நம் மெட்ராஸிலிருந்து ட்ராவன்கோர் என்ற கப்பல் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தது. அந்த நாளை இப்போதும் நினைவுகூர்கிறார்கள். முகத்தைப் பார்த்து "இந்தியாவா?" என்று வேனில் போகும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காராதே.

சரி, படகுக்கு வருவோம். கிரெனடீன்ஸில் பெக்வே என்ற தீவுக்கு ஃபெர்ரியிலேயே ஒரு மணி நேரம்தான், ஆனால் நடுவில் அலை தூக்கிப் போடும், காலையில் வயிறு முட்டச் சாப்பிடாதே. மரத்தில் மாதிரிப் படகு செதுக்குகிறவர்களின் பட்டறையில் கொஞ்ச நேரம் நின்று பார். தெற்கே போகும்போது இடப்பக்கம் பாலிசோ என்ற தீவு வரும், யாரும் அதில் நிறுத்த மாட்டார்கள், கேப்டனிடம் கேட்டுப் பார்த்துக்கொள். ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற, செயின்ட் வின்சென்ட்டின் பூர்வகுடிகளும் ஆப்பிரிக்கர்களும் கலந்து உருவான கரிஃபூனா மக்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் அதில் அடைத்தார்கள், ஏறக்குறைய பாதிப் பேர் அங்கேயே செத்தார்கள், மிஞ்சியவர்களை 1797-ல் ஹோண்டுராஸ் பக்கம் நாடு கடத்தினார்கள். அந்தத் தண்ணீரில் குடித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டு போகிற படகுகளைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது.

மஸ்டீக் பணக்காரர்கள் தீவு, விட்டுவிடு. டொபாகோ கேஸ் நீ படத்தில் பார்த்ததுதான்: ஆளில்லாத ஐந்து திட்டுகள், முன்னால் குதிரைலாட வடிவத்தில் பவளப்பாறை. அட்லாண்டிக் அலையை அது தடுத்துவிடும், காற்றைத் தடுக்காது, ராத்திரி முழுக்கக் கயிறு அடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் திட்டுகளில் ஒன்றான பாரடால் பக்கம் ஆமைகள் புல் மேய்கின்றன. தொடாதே, துரத்தாதே, கேமராவை மூஞ்சிக்கு நேரே நீட்டாதே.

யூனியன் தீவிலும் மைரோவிலும் 2024 ஜூலை 1-ம் தேதி பெரில் புயல் பெரும்பாலான வீடுகளின் கூரையைப் பிய்த்துவிட்டது. படகிலேயே சமைத்துச் சாப்பிட்டுக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காமல் அங்கே இறங்கிச் சாப்பிடு, காய்கறி, மீன் எல்லாம் அங்கேயே வாங்கு. பேரம் பேசாதே.

திரும்புகிற டிக்கெட்டை மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்து இன்றைக்கே சொல். அதிகம் என்றால் பாதியை அப்பா தருகிறாராம், நான் கேட்டுவிட்டேன்.

அம்மா