புழு இருந்த மீனை வடிகானில் கொட்டுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர்த்தேக்கத்து மீனில் புழு இருக்கிறது, யாரும் பிடிக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம் என்று சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அவர் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடிதம் கைமாறிக் கைமாறி எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வந்த பிறகு நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா டவுனின் கோவில் வெளியே தெரியும். அதைப் பார்க்க வருகிற கூட்டம் ஒரு பக்கம், தூண்டிலோடு இறங்குகிற எங்களைப் போன்றவர்கள் இன்னொரு பக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் காம்பராத் தம்பி ஆறு திலாப்பியாவோடு வீட்டுக்கு வந்தான். அவன் அம்மா முதல் மீனை வகுந்தபோது செவுளுக்குப் பக்கத்துச் சதையில் அரிசி அளவில் மஞ்சள் மணிகள். ஒன்றைக் கத்தி நுனியால் குத்தினார், உள்ளிருந்து நெளிந்துகொண்டு வந்தது. அவ்வளவுதான், ஆறு மீனும் வடிகானுக்குப் போய்விட்டன. மற்ற ஐந்தையும் வகுந்துகூடப் பார்க்கவில்லை. அன்று இரவு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி எங்கள் நுவரெலியா மாவட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஆறு மீன் கானில் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நான் டாக்டர் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, முப்பது வருஷமாகத் தூண்டில் போடுகிறவன். அந்த மஞ்சள் மணியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதன் பெயர் கிளினோஸ்டோமம். வளர்ந்த புழு கொக்கு, நாரை போன்ற பறவைகளின் வாயிலும் தொண்டையிலும் இருக்கும். பறவை தண்ணீரில் அலகை விடும்போது முட்டைகள் தண்ணீருக்குப் போகும். அங்கிருந்து நத்தைக்கு, நத்தையிலிருந்து மீனுக்கு. மீனின் சதைக்குள் கூடு கட்டிக்கொண்டு, அடுத்த கொக்கு வந்து விழுங்கட்டும் என்று கிடக்கும். ஜப்பானிலும் கொரியாவிலும் நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிட்ட சிலருக்கு இது தொண்டையில் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்திருக்கிறது. வெந்த மீனில் அது செத்துப்போகும். மணிகளைக் கத்தியால் நோண்டி எடுத்துவிட்டு ஆக்கலாம். மீன் முழுக்க மணியாக இருந்தால் அந்த ஒரு மீனை மட்டும் விட்டுவிடுங்கள், அருவருப்போடு சாப்பிடச் சொல்ல நான் யார்?

குடலைச் சுற்றி நூல்போல் சுருண்டிருப்பது வேறு இனம். திலாப்பியாவின் வயிற்றுக்குள் அதையும் பார்க்கலாம். அது பெரும்பாலும் நீர்க்காகத்திடம் போய்ச் சேர வேண்டியது. குடலோடு சேர்த்து அள்ளி எடுத்து, வயிற்றை நன்றாகக் கழுவினால் சரி.

நூல்போன்ற உருண்டைப் புழுக்கள் சாக மீனின் நடுச்சதை 60 பாகை செல்சியஸில் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு, மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், அதனால் எதுவும் சரியாக வேகாது என்று. பாதி உண்மை. கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமெடுப்பது அதனால்தான். ஆனால் புழு சாக 94 தாராளம். குழம்பு கொதித்து, முள்ளை ஒட்டிய சதை கண்ணாடிபோல் இல்லாமல் வெள்ளையாகிப் பிரிந்து வந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டிய இடம் கரைதான். பொடியன்கள் சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டி, போத்தலையும் திறந்து வைத்துக்கொண்டு மீன் சுடுவார்கள். தோல் கருகியிருக்கும், முள் பக்கம் பச்சையாக இருக்கும். அதைப் பிய்த்துத் தின்பார்கள். தேசிக்காய் பிழிந்தால் எல்லாம் செத்துவிடும் என்பார்கள். தேசிக்காய்ப் புளியில் சதை வெளுத்து வெந்த மாதிரித் தெரியும், புழு சாகாது. மஞ்சளையும் உப்பையும் தடவிச் சிறிது நேரம் வைத்தாலும் அதே கதைதான். பச்சையாகப் பரிமாறும் மீனுக்கு அமெரிக்காவில் சொல்லும் ஒரு வழி, கழித்தல் 20 பாகையில் ஏழு நாள் உறைய வைப்பது. நம் வீட்டுப் பிரிட்ஜின் ஐஸ் பெட்டியை அதற்கு நம்ப முடியாது.

லூலா என்று நாம் சொல்லும் விரால், விலாங்கு இரண்டிலும் கூடுதல் கவனம் வேண்டும். ஆசிய நாடுகளில் இவற்றில் நாதோஸ்டோமா என்ற புழுவின் குஞ்சு இருக்கக்கூடும். அது மனிதர் உடம்புக்குள் போனால் தோலுக்கடியில் ஊர்ந்து திரியும், சில வேளை கண்ணுக்கும் போகும். அதன் வளர்ந்த புழு வாழ்வது நாய், பூனையின் இரைப்பையில். மீன் குடலைக் கானில் வீசாதீர்கள், நாய்க்குப் போடாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். மரக்கறிப் பாத்தியில் ஒரு முழக் குழி தோண்டிப் புதைத்தால் உரமாகவும் போகும்.

கடல் மீனுக்கும் ஒரு வார்த்தை. கடற்கரையிலிருந்து லொறி ஏறி வரும் கும்பளாவும் பலயாவும் குடலோடுதான் வருகின்றன. கடல் மீனின் குடலில் இருக்கும் அனிசாக்கிஸ் புழு, மீன் செத்த பிறகு சதைக்குள் நகரக்கூடியது. எனவே வாங்கிய உடனே வகுந்துவிடுங்கள், மாலைவரை பையில் வைக்காதீர்கள். ஒருமுறை டவுனில் ஒரு வியாபாரியிடம் குடலெடுத்துத் தரச் சொன்னேன். “புழு இருந்தால்தான் மருந்தடிக்காத மீன், ஐயா” என்று சிரித்தார். புழு இருந்தால் புழு இருக்கிறது, அவ்வளவுதான். மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று, இந்தப் புழு ஒத்துக்கொள்ளாத சிலருக்கு மீனை வேக வைத்தாலும் உடம்பு தடிக்கும். அப்படி ஒருமுறை தடித்தால் டிஸ்பென்சரியில் சொல்லிவிடுங்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இதையெல்லாம் ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து, தோட்டத்துப் பிள்ளைக் காப்பகங்களான பிள்ளை மடுவங்களில் ஒட்டினால் போதும், பெரிய செலவில்லை. உங்கள் பத்திரிகை அதைக் கேட்டு எழுத வேண்டும்.

அடுத்த ஞாயிறு தம்பி மீன் கொண்டுவந்தால் வகுந்து காட்ட வருகிறேன் என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் முகத்தைச் சுளிக்கிறார். தலை அவர்களுக்கு, வால் எனக்கு என்று மட்டும் பேச்சு முடிந்திருக்கிறது.

இப்படிக்கு,
தூண்டில்காரன் ஒருவன்,
மஸ்கெலியா.