ஆபீஸ் விலாசத்துக்கு

அன்புள்ள பாப்பா,

நம்ம ஆளுடைய புது துப்பறியும் நாவல் வந்திருக்கிறது. மாட்டுங்கா கடையில் வாங்கிப் படித்து முடித்தாயிற்று. இதோடு வைத்து உன் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்புகிறேன். அங்கேயே பிரித்துப் படி, வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம்.

சுமார்தான். ஆரம்பத்தில் பழைய கை தெரிகிறது, வர்ணனையே இல்லாமல் நேரே பிணத்துக்கு வந்துவிடுகிறார். அப்புறம் அவசரம். கர்ச்சீப்பில் குளோரோஃபார்மை நனைத்து மூக்கில் வைத்ததுமே ஆள் சாய்கிறான். நிஜத்தில் சில நிமிஷமாவது விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், அதுவரை அவன் சும்மா இருப்பானா? கட்டையாக விறைத்த உடம்பைப் பார்த்து டாக்டர் "செத்து ஒரு மணி நேரம்தான்" என்கிறார். விறைப்பு முதலில் இமையிலும் தாடையிலும் தெரியும், உடம்பு முழுக்கப் பரவப் பன்னிரண்டு மணி நேரம்போல ஆகும். நம்ம ஊர் வெக்கையில் சீக்கிரம் வரும்தான், அதற்காக ஒரு மணி நேரத்திலா? தானேயில் ஃபாஸ்ட் லோக்கல் ஏறிய கொலைகாரன், அது நிற்காத மாட்டுங்காவில் இறங்குவதைப் படித்து அப்பாவே சிரித்துவிட்டார்.

கடைசியில் இன்ஸ்பெக்டர் முன்னால் வாக்குமூலம், கேஸ் முடிந்தது. போலீசிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் நிற்காது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 25ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 23. மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்திருக்க வேண்டும். உனக்கு நான் சொல்லணுமா? பள்ளிக்கூடத்திலேயே பாதி புத்தகத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறவள் நீ.

எனக்குப் பொறுக்காதது அந்த அக்கா பாத்திரம். எப்போது போன் செய்தாலும் புருஷன்தான் எடுக்கிறான். "குளிக்கிறாள், தூங்குகிறாள், அப்புறம் பேசச் சொல்கிறேன்." அவள் அம்மாவும் சரி என்று வைத்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு யார் தூங்குவார்கள்? தீபாவளியன்றுகூட ஒரு பெண்ணுக்குத் தன் போனை எடுக்க நேரமில்லையா? இருபதாம் பக்கத்திலேயே துப்பாக வந்திருக்க வேண்டியதை நூற்றைம்பதில் வைக்கிறார்.

வீட்டை விட்டு வந்தால் அவளுக்குப் போக்கிடம் இல்லை என்று வேறு எழுதுகிறார். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வீடு யார் பேரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் அவளுக்கு இடம் உண்டு. கோர்ட் உத்தரவில்லாமல் வெளியே தள்ள முடியாது. போலீசுக்குப் போகப் பயமென்றால் அதே சட்டத்தில் இதற்கென்றே இருக்கிற பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லலாம். போலீசுக்கே போனாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், டெல்லியில் நடந்ததை மும்பையிலும் எழுதிக்கொள்வார்கள். எஃப்ஐஆர் நகலுக்குக் காசில்லை. அவசரமென்றால் 112, பெண்களுக்கென்றே 181. இதில் ஒன்றை அவள் காதில் யாராவது போட்டிருந்தால் கதை எண்பதாம் பக்கத்தில் முடிந்திருக்கும். கடைசி அட்டையில் இரண்டு நம்பரையும் பென்சிலால் எழுதியிருக்கிறேன், கதைக்காகத்தான்.

பெரியப்பா வீட்டுக் கல்யாணம் தை மாதம். நீ வராவிட்டால் கேட்பார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. உன் சர்டிபிகேட்டும் ஆதாரும் உன் கையிலேயே இருக்கட்டும், ஆபீஸ் டிராயரில் வை. சாப்பிடு, கேட்டாயா? ராஜ்தானியில் சாயங்காலம் ஏறினால் காலையில் மும்பை சென்ட்ரல். வருவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

லஞ்ச் நேரத்தில் ஆபீஸ் போனிலிருந்து கூப்பிடு. அப்பாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா