எஸ்.ஏ.டி. தேர்வைத் திரும்பக் கொண்டுவாருங்கள்: கலிபோர்னியா பல்கலைக்கழக ரீஜெண்ட்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரீஜெண்ட்களுக்கு,

வணக்கம். நான் சான் டியேகோவில் குடியிருக்கும் தமிழன். இங்கே வரி கட்டுகிறேன், என் பிள்ளைகள் இங்குள்ள அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். அரசியலில் கன்சர்வேடிவ் பக்கம் நிற்பவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. இந்த மாநிலத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல, பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு உங்கள் பல்கலைக்கழகத்தைத்தான் நம்பியிருக்கின்றன. அட்மிஷனுக்கு எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. என்னும் நாடு முழுமைக்கும் பொதுவான தேர்வுகளின் மதிப்பெண்ணை மீண்டும் கேளுங்கள் என்பதே, பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவினரான உங்களிடம் என் வேண்டுகோள். அதை அவர்கள் காதிலும் போட்டுவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2025 நவம்பரில் உங்கள் வளாகங்களில் ஒன்றான யு.சி. சான் டியேகோவின் பேராசிரியர்களும் நிர்வாகமும் சேர்ந்த குழு ஒன்று அட்மிஷன் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. உயர்நிலைப் பள்ளிக் கணக்குக்கும் கீழான நிலையில் வந்து சேரும் முதலாண்டு மாணவர்களின் எண்ணிக்கை 2020-க்கும் 2025-க்கும் இடையே ஏறக்குறைய 30 மடங்கு கூடியிருக்கிறது என்கிறது அது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பன்னிரண்டில் ஒருவருக்கு நடுநிலைப் பள்ளிக் கணக்கே சரியாக வரவில்லை. இப்படிப்பட்டவர்களுக்காக 'மேத் 2' என்று ஒரு வகுப்பு நடக்கிறது. முதலில் உயர்நிலைப் பள்ளிப் பாடங்களில் விட்டுப்போனதைச் சரிசெய்யத்தான் அதைத் தொடங்கினார்கள். போகப் போக அதுவும் போதாமல், ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள பாடங்களை நடத்தும்படி மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. நாட்டின் தலைசிறந்த ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் ஒன்றில் இது நடக்கிறது.

அந்த வகுப்பில் நடத்திய சோதனையில் இருந்த ஒரு கேள்வி: 7 + 2 = ___ + 6. கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். கால்வாசிப் பேர் தவறாக எழுதினார்கள். 374518-ஐ அருகிலுள்ள நூறுக்கு முழுமையாக்கச் சொன்னபோது பாதிக்கும் மேற்பட்டவர்களால் முடியவில்லை.

முதல் கேள்வியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு இந்தத் தவறு எங்கே பிறக்கிறது என்று தெரியும். ஏழும் இரண்டும் ஒன்பது என்று கூட்டி, கோட்டில் 9 என்று எழுதிவிட்டுப் போவார்கள். சமக்குறி என்றால் 'இங்கே விடையை எழுது' என்றே அவர்கள் மனதில் பதிந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது பதியவில்லை. அது பதியாமல் அல்ஜீப்ராவுக்குள் ஓரடிகூட வைக்க முடியாது. இரண்டாம், மூன்றாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துத் திருத்தியிருக்க வேண்டிய பிழை அது. யாரும் திருத்தவில்லை. அந்தப் பிழையோடு அந்தப் பிள்ளை பத்து வருடம் பள்ளிக்குப் போய், கடைசியில் உங்கள் அட்மிஷன் கடிதத்தையும் வாங்கிவிட்டது.

எப்படி வாங்கியது என்பதும் அறிக்கையில் இருக்கிறது. 2024-இல் மேத் 2 வகுப்பில் உட்கார்ந்தவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் உயர்நிலைப் பள்ளிக் கணக்கில் 4.0 சராசரி வைத்திருந்தவர்கள், அதாவது எடுத்த கணக்குப் பாடம் அத்தனையிலும் 'ஏ'.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு இது முதலில் புரியாது. எங்களுக்கு மார்க் என்றால் பொதுத்தேர்வு மார்க். மதுரைப் பிள்ளையும் தருமபுரிப் பிள்ளையும் ஒரே வினாத்தாளை எழுதும். யாரென்றே தெரியாத ஆசிரியர் திருத்துவார். கலிபோர்னியாவில் அப்படி இல்லை. 'ஏ' போடுவது அந்தந்த வகுப்பு ஆசிரியர். பள்ளிக்குப் பள்ளி, ஒரே பள்ளியில் அறைக்கு அறை, அதன் மதிப்பு மாறும். முன்பு உயர்நிலைப் பள்ளியை முடிக்க மாநிலம் முழுமைக்கும் ஒரு வெளியேறு தேர்வு இருந்தது. அதில் கேட்ட கணக்கு எட்டாம் வகுப்பு அளவைத் தாண்டவில்லை. அதையும் 2015-இல் நிறுத்திவைத்தார்கள். முன்பு தேறாதவர்களுக்கும் பின்தேதியிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். பிறகு தேர்வையே எடுத்துவிட்டார்கள். மாநிலப் பள்ளிகளில் ஆண்டுதோறும் நடக்கும் மதிப்பீட்டில் 2024-இல் கணக்கில் எதிர்பார்த்த நிலையை எட்டியவர்கள் 35.5 விழுக்காடுதான். அந்த மதிப்பெண்ணையும் நீங்கள் அட்மிஷனுக்கு எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே ஒரு பிள்ளை என்ன கற்றிருக்கிறது என்று பள்ளிக்கு வெளியே நின்று பார்த்துச் சொல்ல எல்லோருக்கும் பொதுவாக மிச்சம் இருந்தது எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. இரண்டும்தான். 2020 மே மாதம் அதையும் நீங்கள் விலக்கினீர்கள்.

அந்த முடிவு வந்த விதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தேர்வுகளை ஆராய்ந்து சொல்லும்படி அப்போது உங்கள் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஜேனட் நெப்போலிட்டானோவே பேராசிரியர் மன்றத்தைக் கேட்டிருந்தார். அவர்கள் ஓராண்டு உழைத்து, 2020 தொடக்கத்தில் 200 பக்கங்களுக்கு மேல் அறிக்கை கொடுத்தார்கள். முதலாண்டில் மாணவர் எப்படிப் படிப்பார் என்பதைப் பள்ளி மதிப்பெண்ணைவிடத் தேர்வு மதிப்பெண் நன்றாகக் காட்டுகிறது என்றார்கள். ஏழைப் பிள்ளைகள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்கள், கறுப்பின, லத்தீன் மாணவர்கள் விஷயத்தில் அந்தக் கணிப்பு இன்னும் வலுவாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். மன்றத்தின் பேரவை அதை 51-0 என்று ஏற்றது. ஒரு மாதம் கழித்து நீங்கள் 23-0 என்று அதற்கு நேர் எதிராக வாக்களித்தீர்கள். கோவிட் காலம், நாடே நிலைகுலைந்திருந்த நேரம். சரி, புரிகிறது. ஆனால் நாடு அறிந்த கல்வியாளர்கள் தரவை வைத்துக்கொண்டு சொன்னதை ஒருவர்கூட ஆதரிக்கவில்லையே என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அடுத்த மாதமே 209-ஆம் பிரேரணையை நீக்குவதற்கும் நீங்கள் ஆதரவு தெரிவித்தீர்கள். அரசுப் பல்கலைக்கழக அட்மிஷனில் இனத்தின் பேரில் சலுகை கூடாது என்று 1996-இல் இந்த மாநில மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்தது அது. 2020 நவம்பரில் அதை நீக்கலாமா என்று மக்களைக் கேட்டபோது 57 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அதே தேர்தலில் டிரம்ப்பைப் பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்த மாநிலம்தான் இப்படியும் வாக்களித்தது. தகுதியைப் பார்த்து இடம் கொடுங்கள் என்ற எண்ணம் குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று நீங்கள் நினைத்தால் அந்த முடிவை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

தேர்வுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் எனக்குத் தெரியாததல்ல. பணக்காரப் பிள்ளைகள் கோச்சிங் போகிறார்கள், அவர்களுக்கே மதிப்பெண் கூடுகிறது என்பார்கள். இதைப் படிக்கும் தமிழர்கள் உடனே நீட் தேர்வை நினைப்பார்கள். நினைக்கட்டும், நியாயம்தான். பன்னிரண்டு வருடப் படிப்பை ஓரமாக வைத்துவிட்டு ஒரே நாள் தேர்வில் எல்லாவற்றையும் முடிவு செய்வது சரியா என்ற கேள்வி அங்கே இருக்கிறது. இங்கே அப்படி யாரும் கேட்கவில்லை. எஸ்.ஏ.டி. இருந்த காலத்திலும் உங்கள் அட்மிஷன் பரிசீலனையில் அது 14 காரணிகளில் ஒன்றாகவே இருந்தது. மாணவர் எந்தப் பள்ளியில் படித்தார், அங்கே என்னென்ன வசதி இருந்தது என்று பார்த்தே மதிப்பெண்ணை எடைபோட்டார்கள். அதே மதிப்பெண் எடுத்தவர்களில் வசதி குறைந்த பிள்ளைக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்பதும் 2020 அறிக்கையிலேயே இருக்கிறது.

அப்புறம், பணத்துக்கு வளையாத பகுதி இப்போதைய முறையில் எது? கட்டுரையைச் செதுக்கித் தர ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் கண்டுபிடிப்பு, சமூக சேவை, தலைமைப் பொறுப்பு என்று விண்ணப்பத்தை நிரப்பக் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் நான்கு வளாகங்களில் ஆறு கல்வியாண்டுகளில் 64 பேர் ஆள்பிடித்தும் தொடர்புகளாலும் முறைகேடாக உள்ளே வந்தார்கள் என்று மாநிலத் தணிக்கையாளர் 2020-இல் எழுதினார். எஸ்.ஏ.டி.க்குத் தயாராக கான் அகாடமி என்னும் இணையக் கல்வித் தளம் 2015 முதல் இலவசமாகவே பயிற்சி தருகிறது. வசதியில்லாதவர்களுக்குக் கட்டண விலக்கும் உண்டு. ஃப்ரெஸ்னோ பக்கம் வயல் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு, நூலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பயிற்சி செய்வது முடியாத காரியமல்ல. முடியாதது, ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்துக் கட்டுரை ஆலோசகரை அமர்த்துவது.

சனிக்கிழமைகளில் எங்கள் பகுதி நூலகத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். இரண்டாம் அல்ஜீப்ராவில் 'ஏ' வாங்கியவள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவாயிற்றே, கூட்டினால் குறையுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள், பிறகு தானே அடித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். சோம்பேறியும் இல்லை, மந்தமும் இல்லை. அவள் பள்ளியில் எதையாவது எழுதிக் கொடுத்தால் ஐம்பதுக்குக் குறையாமல் மார்க், தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதலாம், கடைசியில் வந்தது மட்டும் கணக்கில் சேரும். அவளுடைய அம்மா இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறார். ரிப்போர்ட் கார்டில் 'ஏ' பார்த்தால் அவர் எதற்குக் கவலைப்படப் போகிறார்? படித்த, வசதியுள்ள வீட்டில் அப்பாவோ அம்மாவோ நோட்டைப் புரட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள், டியூஷன் வைப்பார்கள். பொய்யான 'ஏ' முழுதாக ஏமாற்றுவது பள்ளியை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பத்தைத்தான்.

அந்தப் பெண் எஞ்சினியரிங் படிக்க வேண்டும் என்கிறாள். இன்றைய முறையில் அவளுக்கு உங்கள் வளாகத்தில் இடம் கிடைக்கக்கூடும். மேத் 2-இல் தொடங்கினால் கால்குலஸ் வகுப்பின் வாசலுக்கு வருவதற்குள் படிப்புப் பருவங்கள் (குவார்ட்டர்கள்) பல ஓடிவிடும். வளாகத்தில் தங்கிப் படிக்க, உதவித்தொகை கழிக்காமல் பார்த்தால், ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல் ஆகிறது. அந்தச் செலவில் ஆறாம் வகுப்புக் கணக்கைப் படிப்பாள். பக்கத்து அறைத் தோழி அதற்குள் இயற்பியலில் எங்கோ போயிருப்பாள். பாதியில் எஞ்சினியரிங் ஆசையை விட்டுவிட்டு வேறு பாடத்துக்கு மாறுவாள், தனக்கு அறிவு போதவில்லை என்று காலமெல்லாம் நினைத்துக்கொள்வாள். தயாரிப்பு இல்லாதவர்களைப் பெருமளவில் சேர்ப்பது, யாருக்கு உதவ நினைக்கிறோமோ அவர்களையே பாதிக்கும் என்று உங்கள் சான் டியேகோ குழுவே எச்சரிக்கிறது. இதைத்தான் ஸ்டான்ஃபோர்ட் ஹூவர் நிறுவனத்தின் பொருளாதார அறிஞர் தாமஸ் சோவெல் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார். அப்போது அவரை இரக்கமில்லாதவர் என்றார்கள்.

நேர்மைக்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குழு தேர்வு நீக்கத்தை மட்டும் காரணமாகக் காட்டவில்லை. கோவிட் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தது, மதிப்பெண்ணை அள்ளி வழங்குவது, வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து சேர்க்கையைக் கூட்டியது எல்லாவற்றையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். பள்ளிகள் அவ்வளவு நாள் மூடிக்கிடந்ததும் இந்த மாநிலம் எடுத்த முடிவுதான், அது தனிக் கடிதத்துக்கு உரியது. ஆனால் இவற்றில் உங்கள் கையில் இருப்பது தேர்வு. பள்ளி எத்தனை 'ஏ' கொடுத்தாலும் உண்மை நிலை உங்களுக்குத் தெரிந்திருக்கும், தேர்வு இருந்திருந்தால்.

மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். எம்.ஐ.டி. 2022 மார்ச்சிலேயே தேர்வைக் கட்டாயமாக்கியது. 2024-இல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் என்று வரிசையாக வந்தன. வசதி குறைந்த மாணவர்கள், தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய நல்ல மதிப்பெண்ணையே குறைவென்று நினைத்து மறைத்துவிட்டதை டார்ட்மத் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், மதிப்பெண்ணைக் கொடுத்துச் சேர்ந்தவர்களின் முதல் பருவச் சராசரி மற்றவர்களைவிட 0.86 புள்ளி கூடுதலாக இருப்பதைக் காட்டிவிட்டுத் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தது. ஃப்ளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் கைவிடவே இல்லை. நீங்களோ மாணவர் தாமாக முன்வந்து கொடுத்தாலும் பார்க்க மாட்டோம் என்று நிற்கிறீர்கள்.

தேர்வு மதிப்பெண்ணை அட்மிஷனுக்குப் பயன்படுத்துவதை எதிர்த்துப் போட்ட வழக்கு, அதில் வந்த சமரசம் என்ற காரணமும் இனி இல்லை. 2021-இல் நீங்கள் ஒப்புக்கொண்ட சமரசம் 2025 வசந்த காலம் வரையிலான சேர்க்கைக்கு விண்ணப்பித்தவர்களைப் பற்றியது. அது முடிந்துவிட்டது.

ஆகவே நான் கேட்பது இது. எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண்களை மீண்டும் கேட்டு வாங்குங்கள். முன்போலவே பள்ளியின் நிலையோடு சேர்த்து எடைபோடுங்கள். ஒவ்வொரு வளாகத்திலும் முதலாண்டு மாணவர்களில் எத்தனை பேரைப் பள்ளிக் கணக்கைத் திரும்பப் படிக்க அனுப்புகிறீர்கள் என்று ஆண்டுதோறும் பொதுவெளியில் போடுங்கள். அந்த மாணவர்கள் எந்தப் பள்ளிகளிலிருந்து வந்தார்களோ அந்தப் பள்ளிகளுக்கும் அவற்றின் கல்வி வாரியங்களுக்கும் அதைத் தெரிவியுங்கள். மாணவர் பெயர் தேவையில்லை, எண்ணிக்கை போதும். 'ஏ' கொடுத்து அனுப்பிய பிள்ளை உங்களிடம் வந்து எந்த வகுப்பில் உட்கார்ந்தது என்று அந்த ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிய வேண்டும்.

ஆளுநர் நியமிக்கும் உங்களில் 18 பேருக்குப் பன்னிரண்டு ஆண்டுப் பதவிக்காலத்தை இந்த மாநிலச் சட்டம் கொடுத்திருக்கிறது. அடுத்த தேர்தலுக்குப் பயந்து முடிவெடுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் அவ்வளவு நீண்ட காலம். சான் டியேகோ அறிக்கையை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வையுங்கள். அதை எழுதிய பேராசிரியர்களை நேரில் அழைத்துப் பேசச் சொல்லுங்கள். பிறகு, யார் எந்தப் பக்கம் என்று பதிவாகும்படி வாக்கெடுப்பு நடத்துங்கள்.

இப்படிக்கு,
சான் டியேகோவிலிருந்து ஒரு தந்தை