டிசம்பர் கச்சேரிக்கு முன் ஒத்திகைகளை நிறுத்த வேண்டாம்

மதிப்பிற்குரிய பள்ளித் தாளாளர், தலைமையாசிரியர், பெற்றோர் அனைவருக்கும்,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நெருங்குவதால் தந்தி இசைக்குழுவின் மாலை ஒத்திகைகளை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் அவரவர் பகுதியை வீட்டிலேயே பழகி வரட்டும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். தேர்வைப் பற்றிய உங்கள் கவலையில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் இம்முடிவை மாற்றிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். ஏனெனில் இந்த இசையை வீட்டில் தனியாகப் பழகி முடிக்க வழியில்லை.

நாம் வாசிக்கவிருக்கும் ‘செயின்ட் பால்ஸ் சூட்’ என்ற மேற்கத்திய இசைத்தொகுப்பு, லண்டனின் ஹாமர்ஸ்மித் பகுதியிலுள்ள மகளிர் பள்ளியொன்றில் இசையாசிரியராக இருந்த குஸ்தாவ் ஹோல்ஸ்ட், தம் மாணவியருக்கென்றே எழுதி 1913-இல் முடித்தது. அதன் இறுதிப் பகுதியில் துள்ளலான நாட்டுப்புற மெட்டொன்று சுழன்றுகொண்டே இருக்க, வயலின் இனத்துப் பெரிய வாத்தியங்களான செல்லோக்கள் வேறொரு தாளக்கட்டில் நீண்ட பழைய மெட்டொன்றைக் கொண்டுவந்து அதனோடு சேர்க்கும். செல்லோ வாசிக்கும் பிள்ளை தன் அறையில் அதை எத்தனை முறை பிழையின்றி வாசித்திருந்தாலும், பக்கத்தில் வயலின்கள் விரையும்போது எண்ணிக்கை தவறாமல் நிற்பதைக் கூட்டத்தின் நடுவே அமர்ந்துதான் கற்க முடியும்.

நம் குழுவில் பலர் வெளியே கர்நாடக இசையும் பயில்கிறார்கள். அங்கே தரையில் அமர்ந்து, ச-ப-ச-ப என்று கூட்டிய தந்திகளில் வாசிக்கும் அதே வயலினை இங்கே மேற்கத்திய முறையில் ஜி-டி-ஏ-இ என்று மாற்றிக் கூட்டி, வரிசையிலுள்ள அனைவரும் வில்லை ஒரே திசையில் இழுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு ஒத்திகையிலும் முதல் பத்து நிமிடம் சுருதி சேர்ப்பதிலேயே போகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அப்பிள்ளைகளின் செவிக்கூர்மை அந்தப் பயிற்சியில் வந்ததே.

சென்ற ஆண்டு நடந்ததையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மழைக்கால ஈரத்தில் ஊறியிருந்த வயலின்களைக் குளிரூட்டிய அரங்கிற்குள் கொண்டு சென்ற சிறிது நேரத்தில் தந்திகளை முறுக்கும் பிருடைகள் தளர்ந்து சுருதி இறங்கியது. மேடையில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கண் கலங்கி அமர்ந்திருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றுதான் அக்குழு அந்த அரங்கிற்குள் முதன்முறையாக நுழைந்திருந்தது.

ஆகவே, தேர்வு நாட்களை முழுமையாக விட்டுவிட்டு, மற்ற நாட்களில் மாலை 45 நிமிடங்களைத் தர வேண்டுகிறேன். கச்சேரிக்கு முன் இரண்டு மாலைகளில் குளிர்சாதனம் இயங்கும் நிலையில் அரங்கில் ஒத்திகை பார்க்கவும், கச்சேரியன்று வாத்தியங்களை ஒரு மணி நேரம் முன்னதாகவே உள்ளே வைக்கவும் அனுமதி வேண்டும். பெற்றோர் கடைசி வரிசைப் பிள்ளைகளையும் தவறாமல் அனுப்பி வையுங்கள். அங்கே வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாக்கள் இரண்டில் ஒன்று வராவிட்டால், அந்த வரிசையே பாதியாகிவிடுகிறது.

இவ்வாரத்திற்குள் பதில் கிடைத்தால், திங்கட்கிழமை முதல் ஒத்திகை அட்டவணையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
தந்தி இசைக்குழு ஆசிரியர்