புகைபோக்கியைப் பற்றி, மறுபடியும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அம்மாவும் நானும் நலம். உன் நலமறிய ஆவல். தொலைபேசியில் அழைத்தால் மூன்று நிமிடத்துக்குள் "சரிப்பா, வைக்கட்டுமா" என்று கேட்டுவிடுகிறாய், ஆகவேதான் கடிதம். நீ வந்துவிட்டுப் போய் நாற்பது நாளாகிறது. அன்று சாப்பிடும்போது நான் அந்த நச்சுவாயு எச்சரிக்கைக் கருவியைப் பற்றிப் பேச்செடுத்ததும், "எனக்கு அதெல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்துவிட்டாய். நானும் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். முதலில் பயண ஏற்பாடுகளைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

தம்பிக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. அதை விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

நீ வேலைக்குப் போகும் ஊரைப் பற்றி அனுப்பிய தாள்களை மூன்று முறை படித்தேன். தோசோன்செங்கெல் என்ற பெயர் நாக்கில் படியவே எனக்கு இரண்டு நாளாயிற்று. மங்கோலியாவின் ஜாவ்கான் மாகாணத்தில், மலைகளுக்கு நடுவில் கிண்ணம்போல் கிடக்கும் பள்ளத்தாக்கு அது. குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று சரிவுகளிலிருந்து இறங்கி அந்தக் கிண்ணத்தின் அடியில் தேங்கி, நாள்கணக்கில் அசையாமல் நிற்கும். 2004 டிசம்பரில் அங்கே அளந்த காற்றழுத்தம் உலகச் சாதனையாகப் பதிவாகியிருக்கிறது. உலகத் தலைநகரங்களிலேயே குளிர் மிகுந்தது உலான்பாத்தர் என்பார்கள். நீயோ அதைவிடக் குளிர்ந்த ஓர் ஊரைத் தேடிப் பிடித்திருக்கிறாய். பதினைந்தரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த நாட்டில் ஏறத்தாழ 35 லட்சம் பேர்தான். அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் தலைநகரிலேயே இருக்கிறார்கள். மிச்சமுள்ள வெளியை நினைத்துப் பார்த்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

உன் பெரியப்பா இதைப் பைத்தியக்காரத்தனம் என்றார். நான் பதிலாக எதுவும் சொல்லவில்லை. அந்த ஊரின் பெயரைப் பிழையில்லாமல் இரண்டு முறை உச்சரித்துக் காட்டினேன். உண்மையில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இருபத்தேழு வயதில் கை நிறைய வாங்கும் சம்பளத்தை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போக எத்தனை பேருக்கு மனம் வரும்? ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிவித்தாய் என்பதையும் நான் மறக்கவில்லை. பட்டியலில் வேறு நான்கு இடங்கள் இருந்தன என்றும், இந்த ஊரை நீயாகவே கேட்டு வாங்கினாய் என்றும் தம்பி சொன்னான். ஏன் என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அங்குள்ளவர்கள் குளிர்காலத்தை ஒன்பது ஒன்பதுகளாக எண்ணுவார்களாம். டிசம்பர் 22 அளவில் தொடங்கி, ஒன்பது நாள்களாக ஒன்பது முறை, மொத்தம் 81 நாள். மூன்றாம் ஒன்பதில் மூன்று வயது எருதின் கொம்பு உறையும். நான்காம் ஒன்பதில் நான்கு வயது எருதின் கொம்பு உறையும். ஐந்தாம் ஒன்பதில் சமைத்த சோறு உறையாது. ஆறாம் ஒன்பதில் பாதை கறுத்துத் தெரியும். கொம்பு உறையும் குளிரை எனக்குக் கற்பனை செய்ய வரவில்லை, ஆனால் சோறு உறையாத நாளை ஒரு நல்ல நாளாகக் கணக்கில் வைத்திருக்கும் மக்கள் உன்னைக் கைவிடமாட்டார்கள் என்று தோன்றியது. நம் மொழியில் 'சுடு' என்றால் வெப்பம்; அவர்கள் மொழியில் 'ஸுட்' என்றால் மந்தைகள் மடியும் கொடுங்குளிர்காலம். 2009-10 குளிர்காலத்து ஸுட்டில் 80 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் செத்தன. மேய்ச்சல் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படிப்பார்கள் என்று உன் தாளிலேயே இருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால் உடனே அதட்டாதே. வீட்டில் என்ன நடந்தது என்று பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை.

உடைகளைப் பற்றி: உடம்பை ஒட்டிய உடை பருத்தியாக இருக்கவே கூடாது. பருத்தி வேர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும்; ஈரம்தான் அங்கே முதல் எதிரி. உள்ளே மெல்லிய கம்பளி, அதற்கு மேல் தடித்த கம்பளி, அதற்கும் மேல் காற்றுப் புகாத மேலங்கி. விறகு சுமக்கும்போதும் தண்ணீர் எடுக்கும்போதும் வேர்ப்பதற்கு முன்பே ஓர் அடுக்கைக் கழற்றிவிடு. பூட்ஸை இரண்டு காலுறைகளோடு போட்டுப் பார்த்து, விரல்கள் உள்ளே அசைகின்றனவா என்று சோதித்த பிறகே வாங்கு. இறுக்கமான பூட்ஸ் இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். விரல் நுனியோ மூக்கோ வெளுத்து மரத்துப்போனால் பனியை வைத்துத் தேய்க்காதே, நெருப்பின் அருகிலும் நீட்டாதே. உள்ளே வந்து, வெதுவெதுப்பான நீரில், 37 முதல் 39 டிகிரி வரை, மெதுவாக மீட்டெடுக்க வேண்டும். மறுபடியும் உறைந்துவிடக்கூடிய நிலையில் நடுவழியில் இருந்தால் உருக்கவே கூடாது. கைப்பேசியை உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள். கையுறை இல்லாமல் இரும்புத் தாழ்ப்பாளைத் தொடாதே.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாமல் இப்போதே போட்டுக்கொள். எந்த வீட்டை நெருங்கினாலும் தூரத்திலிருந்தே "நோகோய் கோர்", அதாவது நாயைப் பிடியுங்கள், என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மர்மோட் என்ற அணில் இனத்துப் பிராணியின் இறைச்சியை யார் அன்போடு தந்தாலும் தொடாதே; கொள்ளைநோய் அதன் வழியே மனிதருக்கு வருகிறது. மற்றபடி இறைச்சியும் உப்புப் போட்ட பால் தேநீருமாகத்தான் உன் நாள் கழியும். அதை நீ சமாளித்துக்கொள்வாய்.

நீ சமாளித்துக்கொள்வாய் என்று நான் சொல்ல முடியாதது அடுப்பு ஒன்றுதான்.

உனக்கு ஒதுக்கியிருப்பது கெர் என்று படித்தேன். மரச்சட்டத்தின் மேல், கம்பளியை அழுத்திச் செய்த தடித்த விரிப்பைச் சுற்றிய வட்டக் கூடாரம். தெற்கு நோக்கிய கதவு. நடுவில் இரும்பு அடுப்பு. அதன் புகைக்குழாய் கூரையின் நடுவிலுள்ள தோனோ என்ற வட்டத் திறப்பின் வழியே வெளியே போகும். அடுப்பு அங்கே வீட்டின் மரியாதைக்குரிய இடம். அதில் குப்பையைப் போடக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது. அதையெல்லாம் அவர்களே உனக்குச் சொல்லித்தருவார்கள். நான் சொல்வது வேறு. இரவில் சூடு நிலைக்க வேண்டும் என்று காற்று வழியைக் குறைத்துவிட்டுப் படுப்பது எங்கும் வழக்கம். காற்றில்லாமல் புழுங்கி எரியும் நெருப்பிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு மிகுதியாக வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். நிலக்கரிக்கு மட்டும்தான் இந்த ஆபத்து என்று எண்ணாதே. விறகுக் கங்குக்கும் சாணக் கங்குக்கும் அதே குணம்தான். 2019 மே மாதம் உலான்பாத்தரில் பதப்படுத்தாத நிலக்கரியைத் தடை செய்து, அழுத்திச் செய்த கரிக்கட்டிகளை எரிக்கச் சொன்னார்கள். புகை குறைந்தது, ஆனால் அந்தக் குளிர்காலத் தொடக்கத்திலேயே இந்த வாயுவால் இறப்புகள் நேர்ந்தன. புகை தெரியவில்லை என்பதால் நஞ்சு இல்லை என்றாகிவிடாது.

ஆகவே எச்சரிக்கைக் கருவிகள் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றைப் படுக்கையருகில் வை. அது பழுதானால் மாற்றுவதற்கு மற்றொன்று. நெருப்பு அணைந்த பின் உள்ளேயும் உறைநிலைக்குக் கீழே போய்விடும் என்பதால் குளிர் தாங்கும் லித்தியம் பேட்டரிகளையே போட்டிருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தி ஒலிக்கிறதா என்று பார். தோனோவை மூடும் துணியைப் படுப்பதற்கு முன் எவ்வளவு திறந்து வைக்க வேண்டும் என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள். புகைக்குழாயில் கரி படிந்திருக்கிறதா என்று பார். குளிர்கிறதே என்று இடுக்குகளை அடைக்காதே. எத்தனை குளிரானாலும் அடைக்காதே.

அம்மா உனக்குக் கம்பளிக் குல்லாய் பின்னிக்கொண்டிருக்கிறாள். முன்பெல்லாம் நம்மோடு பேசிக்கொண்டே, ஊசியைப் பார்க்காமலே பின்னுவாள், உனக்கு நினைவிருக்கும். இப்போது இரண்டு வரிசைக்கு ஒருமுறை எண்ணிக்கை விட்டுப்போகிறது. விட்டதும் கலங்கிப்போய், எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறாள். அதனால் நான் எதிரில் உட்கார்ந்து, ஒரு வரிசை முடிந்ததும் ஒரு தீக்குச்சியைப் பெட்டியிலிருந்து எடுத்து மூடியில் வைக்கிறேன். மூடியில் இப்போது இருபத்தொன்பது குச்சிகள் இருக்கின்றன. எந்த நாட்டுக்குப் போகிறாள் என்று நேற்றும் கேட்டாள். பனி விழும் நாடு என்றேன். "அப்படியானால் காதை மூடுகிற மாதிரிப் பின்ன வேண்டும்" என்று சொல்லிவிட்டு, நான் கவனிப்பதற்குள் ஆறு கண்ணி கூட்டிவிட்டாள். அது சரியாகவே வந்திருக்கிறது.

நேற்று இரவு அந்தத் தீக்குச்சிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்த டிசம்பரில் நீ தலைக்குக் குளித்துவிட்டு வந்தாய். உடனே அம்மா குளிக்க உள்ளே போனாள். "நான் அவ்வளவு நேரம் குளித்ததால்தான்" என்று மருத்துவமனை வராந்தாவில் நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். உனக்குப் பதினைந்து வயது. நான் உன் தலையைத் தடவிக்கொடுத்தேனே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. குளியலறையின் வென்டிலேட்டரை அதற்குப் பத்து நாள் முன்பு நான்தான் அட்டை வைத்து, நான்கு பக்கமும் பிசின் நாடா ஒட்டி அடைத்தேன். குளித்துவிட்டு நிற்கும்போது முதுகில் குளிர்காற்று அடிக்கிறது என்று அம்மா சொன்னதற்காக அடைத்தேன். கேஸ் கீசரைப் பொருத்தியவர் அந்த இடத்தை எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள் என்று என்னிடம் சொல்லியிருந்தார், எழுதிக்கூடக் கொடுத்தார். அன்று இரவு உங்களை மருத்துவமனையில் விட்டுவிட்டு உடுப்பு எடுக்க வந்தபோது, அந்த அட்டையைப் பிய்த்து நான்காக மடித்துக் குப்பையோடு போட்டேன். மறுநாள் கீசரைச் சோதிக்க வந்தவர் திறந்திருந்த வென்டிலேட்டரைப் பார்த்துவிட்டு, "காற்றுக்கு வழி இருக்கிறது, நீண்ட நேரம் ஓடியதுதான் காரணமாக இருக்கும்" என்றார். நான் தலையாட்டினேன். நீ கதவருகில் நின்றுகொண்டிருந்தாய்.

பன்னிரண்டு ஆண்டுகளாக இதை நான் சொல்லவில்லை. முதலில் அம்மா குணமாகட்டும், பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். மூன்று வாரம் நன்றாக இருந்தவள் அதன் பிறகு ஒவ்வொன்றாக மறக்கத் தொடங்கியதும் எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு உன் தேர்வு, பிறகு உன் வேலை என்று ஒவ்வொரு காரணமாகக் கிடைத்துக்கொண்டே இருந்தது. நீ அவளுக்குத் தலை வாரிவிடுவதையும், விடுமுறை நாள்களில் எங்கும் போகாமல் அவள் பக்கத்திலேயே இருப்பதையும் பொறுப்பான பெண் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அது எதனால் என்று எனக்கு மட்டும் தெரியும்.

நீ கேட்டு வாங்கிய ஊரைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம், நீ பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போகிறாயா அல்லது உனக்கு நீயே ஒரு தண்டனையைத் தேடிக்கொண்டு போகிறாயா என்று பயமாக இருக்கிறது. கற்பிக்கத்தான் என்றால் போய் வா. மற்றது என்றால், அந்தக் குற்றம் உன்னுடையது அல்ல. நடுவில் முடியவில்லை என்றால் ஒப்பந்தத்தை எண்ணிப் பார்க்காமல் கிளம்பி வந்துவிடு. என்மீது கோபப்படு, ஆண்டுக்கணக்கில் பேசாமல்கூட இரு, அந்த இரண்டு கருவிகளை மட்டும் என் பெயரைச் சொல்லி வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதே.

குல்லாயில் இன்னும் பதினொரு வரிசை இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் முடிந்துவிடும், கருவிகளோடு சேர்த்துப் பார்சலில் அனுப்புகிறேன். காதுப் பகுதி ஒரு பக்கம் சற்று நீளமாக இருந்தால் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: தம்பியின் இடமாற்றத்தைப் பற்றி எழுதவே இல்லை. அவனிடமே கேட்டுக்கொள். மேலே எழுதியதை அவனுக்கும் இன்னும் சொல்லவில்லை.