பிளகின் எழுதியவர் போன பிறகு: கொழும்பு மென்பொருள் நிறுவனங்களின் முகாமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முகாமையாளர்களுக்கு,

வணக்கம். கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தின் ஜெங்கின்ஸ் சேர்வரைப் பராமரிப்பது என் வேலை. எழுதிய நிரலை இயங்கும் மென்பொருளாக்கி (இதைத்தான் பில்ட் என்கிறோம்), சோதித்துப் பார்ப்பதைத் தானாகச் செய்வது ஜெங்கின்ஸ்; அதற்குப் புதிய வசதி சேர்க்கும் துணை நிரல்தான் பிளகின். உங்கள் காரியாலயங்களிலும் இந்த வேலையைச் செய்யும் ஒருவர் இருப்பார். அவருக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

2024 ஜனவரியில் ஜெங்கின்ஸில் ஒரு பாரதூரமான பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. கட்டளை வரி வசதியில் ஒரு கோப்பின் பெயருக்கு முன் @ குறியைப் போட்டால், சேர்வரில் எந்த அனுமதியும் இல்லாதவர்கூட அந்தக் கோப்பின் முதற் சில வரிகளைப் படித்துவிடலாம். திருத்தம் 2.426.3 பதிப்பில் உடனே வந்தது. அதைப் போட எங்களால் முடியவில்லை. நாங்கள் இருந்தது 2021க்கு முந்திய பதிப்பில். காரணம், ஒரேயொரு பிளகின்.

பில்ட் முடிந்ததும் வாடிக்கையாளர் கேட்ட வடிவில் சோதனை அறிக்கையைத் தயாரித்து அனுப்பும் பிளகின் அது. எங்களோடு வேலை செய்த அண்ணா ஒருவர் எழுதியது. 2022இல் எத்தனையோ பேரைப் போல அவரும் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போனார். அவருடைய லப்டொப்பை அழித்து இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். மூலநிரல், அதாவது அவர் கையால் எழுதிய நிரல், அதில் மட்டும்தான் இருந்தது. சேர்வரில் மிஞ்சியது, பிளகினை நிறுவப் பயன்படும் ஒரு .எச்பிஐ (.hpi) கோப்பு.

2021 மார்ச்சில் வந்த 2.277.1 பதிப்பு, அமைப்புப் படிவங்களை வலைப்பக்கத்தில் அடுக்கும் முறையை டேபிளிலிருந்து (அட்டவணை) டிவ்வுக்கு (தனித்தனிப் பகுதிகள்) மாற்றியது. அந்தப் பதிப்பில் எங்கள் பிளகினின் படிவம் குலைந்து, சேமிக்க முடியாமல் போனது. 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்று தள்ளித் தள்ளியே மூன்று வருடம் போய்விட்டது.

கட்டளை வரி வசதியை நிறுத்திவிட்டு அன்றிரவு அந்தக் கோப்பைத் திறந்தேன். எச்பிஐ என்பது உண்மையில் ஒரு சிப் (zip) கோப்புதான். உள்ளே ஒரு ஜார் (ஜாவா நிரல்களின் பொதி), அதற்குள் படிவங்களை வரையும் ஜெலி கோப்புகள் வாசிக்கக்கூடிய எழுத்திலேயே இருந்தன. அண்ணா கையால் எழுதிய டேபிள் வரிசைகளை மாற்றியதும் படிவம் நேராகிவிட்டது. ஜாவா பகுதி அப்படியில்லை. இயந்திரத்துக்காக மாற்றப்பட்ட கிளாஸ் கோப்புகளிலிருந்து நிரலை மீட்டெடுத்தால், எழுதியவர் இடையில் வைத்த விளக்கக் கருத்துரை ஒன்றும் வராது. அறிக்கையை அனுப்புமுன் 40 விநாடி காத்திருக்கும்படி ஒரு வரி இருந்தது. ஏன்? எடுத்துவிடலாமா? கடைசியில் வாட்ஸ்அப்பில் அவரிடமே கேட்டேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தும் பதில் தந்தார். வாடிக்கையாளரின் சேர்வர் முந்திய கோப்பை விடுவிக்க அவ்வளவு நேரம் எடுக்குமாம்.

அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. நிரலைக் கேட்டிருந்தால் தந்திருப்பார். கேட்க வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிளகின் எழுத வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கோசுகே கவாகுச்சி 2004இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஹட்சன் என்ற பெயரில் தொடங்கி, 2011இல் ஜெங்கின்ஸ் ஆன இந்தச் சேர்வரின் பலமே பிளகின்கள்தான். ஒரு ஜாவா கிளாஸின் மேல் @எக்ஸ்டென்ஷன் என்று எழுதினால் சேர்வர் அதைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். ஜாவா பில்ட் கருவியான மேவன் உருவாக்கித் தரும் மாதிரிப் பிளகினில் பெயரைக் கொடுத்தால் 'ஹலோ' சொல்லும், ஒரு சிறு பெட்டியில் சரிக் குறி போட்டால் 'போன்ஜூர்' என்று பிரெஞ்சில் சொல்லும். புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கைக்கு அதை வணக்கம் சொல்ல வைக்க அரை நாள் போதுமாக இருந்தது. தொடங்குவது அவ்வளவு லேசு என்பதால்தான், பிறகு யார் பார்ப்பது என்று யோசிக்காமல் எழுதிவிடுகிறோம்.

ஆகவே, முதலில் பிளகின் தேவைதானா என்று கேட்கச் சொல்லுங்கள். சில பைப்லைன்களுக்கு (பில்ட் படிகளின் வரிசைகளுக்கு) பொதுவான ஒரு வேலை என்றால், குரூவி மொழியில் எழுதிக் கிட்டில் (நிரலையும் அதன் மாற்றங்களையும் சேமிக்கும் இடம்) வைக்கும் பகிர்வு நூலகமே பெரும்பாலும் போதும். படிவம், புதிய பக்கம், சேர்வரின் உள் நிகழ்வுகளைக் கவனிப்பது என்று வந்தால்தான் பிளகின். அப்படி எழுதினால் மூலநிரல் நிறுவனத்தின் கிட்டில் இருக்கட்டும். ஒருவரின் மேசையில் செய்த எச்பிஐயை ஏற்றாமல், ஜெங்கின்ஸே பில்ட் செய்ததை மட்டும் ஏற்றுங்கள். 12 வாரத்துக்கு ஒருமுறை புதிய நீண்டகால ஆதரவுப் பதிப்பு வரும்போது, இரண்டாவது ஆள் ஒருவர் பிளகினை அதில் போட்டுப் பார்க்கட்டும்.

அப்புறம், நாம் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் பொதுப் பிளகின்கள். அவற்றில் பல, பராமரிக்க ஆளில்லாமல் 'தத்தெடுங்கள்' என்ற குறிப்போடு நிற்கின்றன. உங்கள் பில்ட் அப்படி ஒன்றில் தங்கியிருந்தால், வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களை அதற்கென்று உங்கள் ஆட்களுக்குக் கொடுங்கள். காரியாலய நேரத்திலேயே கொடுங்கள். இரவு வீட்டில், பிள்ளைகள் தூங்கிய பிறகு செய்யும் வேலையாக அதை விடாதீர்கள்.

இந்த வாரம் உங்கள் சேர்வரின் பிளகின் அடைவைத் திறக்கச் சொல்லி, உங்கள் நிறுவனத்திலேயே எழுதிய ஒவ்வொன்றுக்கும் மூலநிரல் எங்கே என்று கேளுங்கள். பதில் இல்லாத கோப்பு இருந்தால், எழுதியவரின் தொலைபேசி எண் மாறுவதற்குள் அவரிடம் பேசிவிடுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பில்ட் பொறியியலாளர்